இரண்டு கரைக்கும் ஒரு பட்டியல்

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்திருந்த பெண், என் பெயரை ஒரு நூலக அட்டையில் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன அட்டை. பத்தடி தள்ளி நின்றால் யாராலும் வாசிக்க முடியாது. எனக்கு வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கடிதங்களில் பார்த்துப் பழகிய வட்டமான கையெழுத்து அது. முகத்தைப் பார்க்கும் முன்பே கையெழுத்தைத்தான் அடையாளம் கண்டேன்.

"மங்களம் அக்காவோ?"

"ஆமா. நீங்க யசிந்தாவா?"

"ஓம்" என்றாள். அதற்குப் பிறகு ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். மந்திரத்தின் தொடக்கம் போலிருந்தது. அது வெறும் 'ஆமாம்'தான் என்று புரிய அரை நாள் ஆனது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகர். வயது முப்பத்தாறு, தனி ஆள். தமிழ்ப் புத்தகங்களைப் பொருள்வாரியாகத் தேட உதவும் சொற்பட்டியல் ஒன்றை, நூலகர்களுக்கான ஒரு சிறு இதழில் எழுதியிருந்தேன். எந்தப் புத்தகத்தை எந்தத் தலைப்பில் பதிவது என்று சொல்லும் பட்டியல். ஒரே மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாராட்டு ஒரு வரி, குறை இரண்டு பக்கம். மீன்பிடித் தொழிலுக்குக் கீழே 'வலை' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டீர்கள், எங்கள் முற்றத்திலேயே நாலு விதமான வலை காய்கிறது என்று எழுதியிருந்தாள். நீங்கள் 'நாற்காலி' என்று பதிந்தால், 'கதிரை' என்று தேடுகிற எங்கள் வாசகர் என்ன செய்வார் என்றும் கேட்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, என் வேலையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறார் என்பது உறைத்தது. அதுவரை யாரும் அப்படி வாசித்ததில்லை. பதில் எழுதினேன். அப்படித் தொடங்கிய கடிதங்கள் இரண்டு கரைக்கும் பொதுவான ஒரு பட்டியலாக வளர்ந்தன. வெளிநாட்டு நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் 'தமிழ்' என்ற ஒற்றைத் தலைப்பில் போட்டு மூடிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர்களுக்கும் இது பயன்படும் என்று, ஐரோப்பாவில் நடக்கவிருந்த ஒரு பன்னாட்டு நூலகவியல் மாநாட்டுக்கு இருவர் பெயரிலும் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். முழுக் கட்டுரையைச் சேர்ந்திருந்து எழுதத்தான் நான் வந்திருக்கிறேன் என்று யசிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்க்காத ஒரு கடிதம் என் கைப்பையில் இருந்தது. கட்டுரை எழுதிய இருவரில் ஒருவருக்கு மட்டுமே பயண வசதி செய்து தர முடியும், யார் வருவதென்று நீங்களே தீர்மானித்து எழுதுங்கள் என்று மாநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். என் பெயர் முதலில் இருந்ததால் என் முகவரிக்கு வந்தது. நான் தீர்மானித்தும்விட்டேன். கடவுச்சீட்டு கையில் இருந்தது. குளிர் நாட்டுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கி, யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு வந்தது அவள் சொற்களை எழுதி வைத்திருந்த அட்டைகளை வாங்கிக்கொண்டு போக.

நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் நின்றது. ஓட்டுநர் தம்பையா, யசிந்தாவின் வீட்டுக்குத் தெரிந்தவர். என் பெட்டியை ஏற்றினார், எங்களை ஏற்றினார், பிறகு இறங்கச் சொன்னார். "குறை நினையாதையுங்கோ. இது தள்ளினால்தான் வெளிக்கிடும்." வந்திறங்கிய ஊரில் நான் செய்த முதல் காரியம் கார் தள்ளியது. யசிந்தா சிரித்துக்கொண்டே தள்ளினாள். கடிதங்களில் அவள் சிரித்ததேயில்லை.

அவர்கள் வீடு குருநகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா சவரிமுத்து மீன்பிடிக்காரர், மெலிந்து உயர்ந்த மனிதர். அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீங்கள் சைவமெண்டு இவள் சொன்னவள். மெய்யோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை உள்ளே கூட்டிப்போய் அடுப்படியைக் காட்டினார். சுவரோரமாக மூன்று புதுச் சட்டிகள், ஒரு புது அகப்பை. "இதுகளிலை மீன் படேல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" என்றார்.

மீன்பிடித்துப் பிழைக்கிற வீட்டில் ஐந்து நாளும் எனக்காகத் தனியாக மரக்கறி கொதித்தது. குழல் புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் முதல் நாள். சொதி என்ற மஞ்சள் தேங்காய்ப்பால் சாறு எல்லா நாளும். எங்கள் ஊர் சாம்பாரை நினைத்துக்கொண்டு அதைக் குடித்தால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். மூன்றாம் நாள் அதைத்தான் நாக்கு தேடியது. அவர்கள் தங்கள் மீன் குழம்பை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். உள்ளேயே சாப்பிடுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை.

மறுநாள் யசிந்தா வேலை பார்க்கும் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போனோம். ஒரே ஓர் அறை. கடற்காற்றில் புத்தகங்களின் விளிம்பு அலையலையாக நெளிந்திருந்தது. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, "இந்த லாச்சிக்கை உள்ளது முழுக்க எங்கடை பட்டியல்" என்றாள். லாச்சி என்று அவள் சொன்னதையே முதலில் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டேன். அன்று முழுவதும் சொல்லுக்குச் சொல் வைத்தோம். நான் சோப்பு என்றேன், அவள் சவர்க்காரம் என்றாள். நான் அலுவலகம், அவள் கந்தோர். நான் எலுமிச்சை, அவள் தேசிக்காய். சில சொற்களுக்கு அவள் பக்கத்தில் இணை இல்லை, பல சொற்களுக்கு என் பக்கத்தில் இல்லை. மதுரையில் இதையெல்லாம் நான் இரவல் கேட்க வருகிறவர்கள் போன பிறகு தனியாகத்தான் செய்வேன். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, "நில்லுங்கோ அக்கா, அது ரெண்டும் ஒண்டில்லை" என்று மறுத்துச் சொல்வது எவ்வளவு இன்பம் என்று அன்றுதான் தெரிந்தது. மதியம் பாண் என்ற ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபடியே 'வீடு' என்ற தலைப்பை முடித்தோம்.

நகரத்தின் பெரிய நூலகம் எரிந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கவில்லை. அதைப் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைக் கடந்தபோது மட்டும் அவள், என்னைப் பின்னால் ஏற்றிவந்த சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தாள். "சனிக்கிழமையளிலை காலமை போனால் பின்னேரம் பூட்டுமட்டும் இருப்பன்" என்றாள். நான் அவள் பக்கத்தில் நடந்தேன்.

அன்று சாயங்காலம் வள்ளங்களைக் கட்டிவைக்கும் துறைக்கு அழைத்துப் போனாள். சவரிமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை என்று சொன்னதும் ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். கேட்டார்:

"பிள்ளை, உங்கடை கரையிலை சோழகம் எந்த மாதம் எழும்பும்?"

சோழகம் என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று என்று எங்கள் பட்டியலில் இருக்கிறது. அதற்கு எண் போட்டதே நான்தான். ஆனால் எங்கள் கரையில் அது எந்த மாதம் எழும்புகிறது, எழும்பினால் எந்த வலையை எடுத்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மதுரையில் கடல் இல்லை என்றேன். எல்லோரும் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

யசிந்தா அதற்குள் ஒரு சாக்குமேல் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தாள். ஒரு சொல்லைப் பற்றி இரண்டு கிழவர்களுக்குள் வாக்குவாதம். அவள் இருவரையும் விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். "அப்ப நீங்கள் அரியாலைப் பக்கம் தொழிலுக்குப் போகேக்கை அவையள் என்னெண்டு சொன்னவை?" என்று கேட்டாள். அவர்களில் ஒருவர் யோசித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளுடைய அட்டைகளின் பின்பக்கத்தை முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அனுப்பிய பிரதிகளில் முன்பக்கம் மட்டுமே இருந்தது. பின்பக்கத்தில் யார் சொன்னார், எந்த ஊரார், யார் மறுத்தார், எந்தப் பருவத்தில் அந்தச் சொல் வழங்குகிறது என்று பென்சிலில் பொடி எழுத்தில் நிறைந்திருந்தது.

அன்று படுத்தபின் தூக்கம் வரவில்லை. அந்த மாநாட்டில் யாராவது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், கடல் இல்லை என்று நான் நிற்க வேண்டியிருக்கும். ஆனாலும் எனக்குப் போக ஆசையாக இருந்தது. விமானத்தின் சன்னலோரம் உட்கார, ஆயிரம் அறைகள் உள்ள ஒரு நூலகத்தில் வழி தவறிப்போக, என் பெயரை யாரோ தப்பாக உச்சரிப்பதைக் கேட்க. முப்பத்தாறு வயதில் இப்படி ஓர் ஆசை இன்னொரு முறை வாசலுக்கு வராது என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. அவர்கள் கோயிலுக்குப் போய் வந்தார்கள். மாதா கோயிலையும் அங்கே கோயில் என்றுதான் சொல்கிறார்கள். நான் வீட்டில் இருந்து கட்டுரையின் முதல் பகுதியை எழுதினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். இன்னொரு முறை யசிந்தாவே, "அக்கா, அங்கை போனால் ரெண்டு பேரும் ஒரு அறையிலை இருக்கலாமோ? தனிய இருக்க எனக்குப் பயம்" என்றாள். நான் கட்டுரைத் தாளுக்கே திரும்பினேன்.

நாலாம் நாள் கீரிமலைக்குப் போனோம். பார்க்காமல் போகக்கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லி, தம்பையாவை வரவழைத்துவிட்டார். பெண்களின் கேணி மதில் சுவருக்குள் இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் இனிக்கிற ஊற்று நீர். மார்பு வரை பாவாடையைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் குளிர்ச்சியாகவும் இல்லை, வெதுவெதுப்பாகவும் இல்லை, உடம்பின் சூட்டில் இருந்தது. படியில் இருந்த ஓர் அம்மாள் என் பேச்சைக் கேட்டு, "தங்கச்சி படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். யசிந்தா தண்ணீருக்குள் மூழ்கிச் சிரித்தாள்.

அவள் எழுந்து தலையைத் துவட்டும்போது சொன்னேன். கடிதத்தைப் பற்றி, கடவுச்சீட்டைப் பற்றி, கம்பளிச் சட்டையைப் பற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். முடிவாக, "நீதான் போகணும்" என்றேன். அதுவரை நீங்கள் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் துண்டைப் பிழிந்து, உதறி, மடித்தாள்.

"எப்ப வந்த கடிதம்?"

"நான் கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

"அப்ப நாலு நாளா அதைப் பையுக்கை வைச்சுக்கொண்டே எங்கடை வீட்டிலை சாப்பிட்டனீங்கள்."

அவள் முன்னால் நடந்துபோய்க் காரில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி எழும்ப, தம்பையா ஒரு தகர வாளியோடு தோட்டக் கிணறு தேடிப் போனார். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டிருந்தார்கள். பனைமட்டை வேலியோரம் நானும் அவளும் இரண்டு முழ இடைவெளி விட்டு நின்றோம். வெயில் உச்சியில் இருந்தது.

"நீங்களே போகலாம் அக்கா" என்றாள் கடைசியில். "பேர் முதல்லை உங்கடைதானே. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். கேக்கேல்லை எண்டதுதான்."

"எனக்குப் போகணும்னுதான் ஆசை. இப்பவும் இருக்கு" என்றேன். "ஆனா முந்தாநாள் துறையில அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. உனக்குத் தெரியும். அட்டைக்குப் பின்பக்கம் இருக்கிறதுதான் கட்டுரை. அதை நீ எழுதியிருக்கே."

அவள் வெங்காயத் தாள்களைப் பார்த்தபடி அழுதாள். வாளியோடு வந்த தம்பையா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீரை ஊற்றியபடி, "ரெண்டு பேரும் சகோதரங்களோ? முகச்சாயல் இல்லை. கோவம் மட்டும் ஒரே மாதிரிக் கிடக்கு" என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா பதறிவிட்டார். கலியாணமாகாத பிள்ளை, தனியாக, ஆகாயத்தில். சவரிமுத்துவின் பக்கம் திரும்பி, "வாயைத் திறந்து சொல்லுங்கோவன்" என்றார்.

"எத்தினை நாள் பிள்ளை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"பத்து நாள்தாங்க."

"பத்து நாள்தானே. போயிட்டு வரட்டும்."

கடைசி நாள் காலையில் கடவுச்சீட்டுக்கான படம் எடுக்கப் பட்டணத்துக்குப் போனோம். படக்காரர் சிரிக்க வேண்டாம் என்றார். அவளால் முடியவில்லை. மூன்று முறை எடுத்தார். பெட்டியிலிருந்த கம்பளிச் சட்டையை அவளுக்குக் கொடுத்தேன். கை சற்று நீளம், மடித்துவிட்டுக்கொண்டாள். அம்மா பனங்கட்டியும் பொரிவிளாங்காய் என்ற கெட்டி உருண்டைகளும் கட்டித் தந்தார். ரயில் புறப்படும்போது யசிந்தா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். "வாறன் எண்டு சொல்லுங்கோ அக்கா. போறன் எண்டு சொல்லக்கூடாது." வர்றேன் என்றேன். அந்த ஊருக்கு நான் திரும்பப் போகவேயில்லை.

அவள் ஜூலை நடுவில் கொழும்பிலிருந்து விமானம் ஏறினாள். மாநாட்டிலிருந்து ஒரு படத் தபாலட்டை வந்தது. கட்டுரை வாசித்தாயிற்று, கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், இந்த நூலகத்தில் உண்மையாகவே வழி தவறிவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அது என் கைக்குக் கிடைத்தபோது கொழும்பு எரிந்து முடிந்திருந்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் உயிர்களும் போன செய்திகளை மதுரையில் பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் அவள் கொழும்பில்தான் இறங்க வேண்டும். வர வேண்டாம், நாங்கள் சுகம் என்று சவரிமுத்து அவளுக்குத் தந்தி கொடுத்திருந்தார்.

நிலைமை சீராகட்டும் என்று ஒரு மாதம், பிறகு கிறிஸ்துமஸ் கழியட்டும், பிறகு அடுத்த ஆண்டு. மாநாட்டில் அவள் பேச்சைக் கேட்ட ஒரு நூலகர், தம் நூலகத்தில் கட்டுகட்டாகக் கிடந்த தமிழ்ப் புத்தகங்களைப் பதியும் வேலையை அவளுக்குத் தந்தார். எங்கள் பட்டியலை வைத்தே பதிந்தாள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதினாள், நான் பதில் எழுதினேன். நாங்கள் விரும்பியது நடந்துவிட்டது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும், அம்மாவைக் கனவில் கண்டேன் என்றோ, இங்கே மழைக்கு மணமில்லை என்றோ ஏதாவது இருக்கும். அதை வாசித்த பிறகு அன்று எனக்கு வேலை ஓடாது.

தொண்ணூறில் ஒரு கடிதம் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்தது. சவரிமுத்துவும் மனைவியும் படகில் கடல் கடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். தகரக் கூரையின் கீழ் ஒரு பாய், இரண்டு பாத்திரங்கள். அம்மாவின் பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். "சைவப் பிள்ளை வந்திருக்கு" என்றார். எனக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை என்று வருந்தினார்.

மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார் சவரிமுத்து. கை நடுங்குகிறதாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வந்து சேர்ந்த விவரம். குருநகர் வீட்டின் கூரை போனது. அம்மாவின் கண். இங்கே கொடுக்கிற அரிசி. பிறகு நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானாங்க?"

"மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ பிள்ளை. நீங்கள்தானே அவளை அனுப்பினனீங்கள்."

குரலில் கோபம் இல்லை. என்னைத் தவிர வேறு யாரிடம் அதைச் சொல்வார். "ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போன்னு எழுதட்டுமா?" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அம்மா மறுத்துத் தலையை அசைத்தார்.

"வேண்டாம். வரச் சொன்னால் அவள் வந்திடுவள். பேந்து திரும்பிப் போக விடுவாங்களோ தெரியாது. நாங்கள் வழி பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு மட்டும் எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். அவர் காகிதத்தை முழங்கால்மேல் வைத்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதைக் காட்டிப் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நானும் என் பெயரை எழுதினேன்.